மூன்றாவது கை

2019 மே 14, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, மொந்தெவிதெயோ நகரின் ரெதுக்தோ பகுதியில், 1926இல் கட்டப்பட்ட ஒரு வீட்டில், சமையலறையிலிருந்து முற்றத்துக்கு ஏறும் மூன்று படிகளில் கடைசிப் படி தடுக்கி, அறுபத்தொன்பது வயது நிபியா லார்ரோசா கீழே விழுந்தாள். இடது இடுப்பெலும்பு முறிந்தது. தெர்மோஸ் உடையவில்லை.

வீடு என்னுடையது, நிபியா என் மனைவி, தெர்மோஸ் எங்கள் இருவருக்கும் பொது. விழும்போது அது அவளுடைய இடது கக்கத்தில் இருந்தது. அதே கையில் மாத்தேக் குடுவை; அதில் கசப்பு இலையைப் போட்டு, தெர்மோஸ் வெந்நீரை ஊற்றி ஊற்றி நாள் முழுவதும் குடிப்போம். குடுவை உருண்டு சமையலறைக்குள் போய்விட்டது. ஊறிய கசப்பு இலை படியெல்லாம் சிதறிக் கிடந்தது. தெர்மோஸை மட்டும் அவள் விடவில்லை. ஆம்புலன்ஸ் ஆள் அவளைத் தூக்குவதற்கு முன் அதைக் கக்கத்திலிருந்து உருவ வேண்டியிருந்தது. "உள் கண்ணாடி உடையலியே?" என்று கேட்டான். குலுக்கிப் பார்த்துவிட்டு "இல்ல" என்றேன். "நல்ல வேளை" என்றான். அடுத்த பத்து நாட்களில் போனில் விசாரித்த அத்தனை பேரும் இடுப்பைப் பற்றிக் கேட்ட கையோடு தெர்மோஸைப் பற்றியும் கேட்டார்கள். எங்கள் ஊரில் இது விசித்திரமில்லை. அதில் ஒரு துப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் துப்பறிய ஆரம்பித்தவன் நான் ஒருவன்தான்.

நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வரைபடம் போட்டவன். ஊரார் வீட்டுச் சுவர், வாசல், படி எல்லாவற்றையும் சென்டிமீட்டர் பிசகாமல் தாளில் இறக்கியிருக்கிறேன். அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல், டேப்பை எடுத்து மூன்று படிகளையும் அளந்தேன். முதல் படி பதினேழு. இரண்டாவது பதினேழு. மூன்றாவது பத்தொன்பது. குற்றவாளி பிடிபட்டான் என்று நினைத்தேன். நாற்பத்துமூன்று வருடம் அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறோம்.

மறுநாள் அறுவை சிகிச்சைக்கு முன் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள்.

"படிய அளந்துட்டியா, கிழவா?" என்றாள் நிபியா.

"அளந்தேன். மூணாவது படி ரெண்டு சென்டிமீட்டர் அதிகம்."

"நாப்பத்துமூணு வருஷமா அதே படிதான். நேத்துதான் வளந்துச்சா?"

அவள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை; தங்கை சுல்மா வீட்டுக்குப் போனாள். சுல்மாவுக்கு வயது அறுபத்தாறு. கடற்கரைப் பக்கம் பொசீத்தோஸில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். லிஃப்ட் உண்டு. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால், எங்கள் ஊரில் மே மாதமே தொடங்கும் குளிர்காலத்தில் வெறுங்காலோடு நடக்கலாம். பிசியோதெரபி சொல்லித்தர ஒரு பெண் அங்கேயே வருவாள். நான் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன்.

"மச்சான், என் வீட்டுத் தரை சுடுது. உங்க வீட்டுத் தரை மே மாசமே மீன் கடை மாதிரி இருக்கு" என்றாள் சுல்மா. "நாலாவது மாடியில ஒரு ஃப்ளாட் காலியாகுது. அந்த வீட்ட வித்துட்டு வந்துருங்க."

"அங்க கண்ணாடிக் கூரை இருக்கா?"

"கூரைக்கு மேல ஆறு குடும்பம் இருக்கு மச்சான். யாரும் ஒழுகறதில்ல."

எங்கள் முற்றத்துக்கு மேல் இரும்புச் சட்டத்தில் ஓடும் கண்ணாடிக் கூரை உண்டு. குளிர்காலத்தில் பதினோரு மணிக்கு அதன் வழியாக வெயில் இறங்கி, இரண்டு பிரம்பு நாற்காலிகள் மேல் ஒன்றரை மணி நேரம் நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் வருடத்தில் மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டைப் பொறுத்துக்கொள்கிறோம். இதைச் சுல்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். நிபியா முந்திக்கொண்டாள்.

"ஜூன் இருபத்தொம்பது சனிக்கிழமை. ஞோக்கி நாளு. அன்னைக்கு வர்றேன். தெரு வாசல்லேருந்து குளியலறை. அங்கேருந்து சமையலறை. அங்கேருந்து ஏறி முற்றத்துல என் நாற்காலி. யார் கையையும் பிடிக்க மாட்டேன். முடிஞ்சா வீட்டுக்கு வந்துடறேன். முடியலன்னா நாலாவது மாடி."

"நான் வரலன்னா?"

"நீ உன் வாளியோட இருந்துக்கோ."

இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மாதாமாதம் 29ஆம் தேதி ஞோக்கி என்னும் உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் தேதிவரை நாள்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்துமூன்று இருந்தன.

வாளி என்று அவள் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வீட்டை வசதியாக்குவது என் பொழுதுபோக்கு. 1979இல் நான் பொருத்திய அழைப்பு மணி பக்கத்து வீட்டில் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவரைத் தட்டி, ஆள் வந்திருப்பதை எங்களுக்குத் தெரிவிப்பார். அவர் இறந்ததோடு மணியும் நின்றது. 1986இல் சமையலறையை நவீனமாக்கினேன்: அலமாரிகளை மாட்டினேன், முற்றத்தைப் பார்த்திருந்த ஒரு சின்ன ஜன்னலைக் குளிர்காற்று வருகிறது என்று அடைத்தேன். 1988இல் கண்ணாடிக் கூரை ஒழுகும் இடத்தில் தற்காலிகமாக ஒரு வாளி வைத்தேன். வாளியை மட்டும் இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். 1991இல் அந்த மூன்று படிகளில், ஏறும்போது இடது கைப் பக்கம் வரும்படி, ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி போட்டேன். 2003இல் குளியலறை விளக்கின் சுவிட்சை ஈரம் படக்கூடாதென்று வெளிச் சுவருக்கு மாற்றினேன். அன்றிலிருந்து உள்ளே இருப்பவர் இருட்டில் உட்கார்ந்து, அணைத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இந்த முறை நான் மட்டும் போதாது என்று தெரிந்ததால் அதேமாரைக் கூப்பிட்டேன். அதேமார் பிட்டன்கூர் எங்கள் பகுதியில் கொத்து, தச்சு, குழாய் மூன்று வேலையும் செய்பவர், ஐம்பது வயது. தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு முழுவதும் நடந்து பார்த்தார். நானும் என் தெர்மோஸோடு பின்னால் போனேன். படிக்கு அருகே சுவரில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மணல் உதிர்ந்தது.

"இது சுவரு இல்ல, தோன் வால்டெமார். பிஸ்கட்டு." என் பெயருக்கு முன் மரியாதைக்கு ஒரு 'தோன்' போடுவது அவர் வழக்கம்.

"கம்பி நிக்குமா?"

"இந்தப் பழைய கம்பி எப்படி நின்னுச்சு?"

அவர் 1991ஆம் வருடக் கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அது நான்கு திருகாணிகளோடும் கொஞ்சம் சுவரோடும் அவர் கையோடு வந்துவிட்டது.

"இதுல எடையக் குடுத்து யாராச்சும் பிடிச்சிருந்தா என்னைக்கோ வந்திருக்குமே" என்றார். "யாருமே பிடிக்கல போலிருக்கு."

இதுவும் ஒரு துப்பு. நான் பழைய கம்பியைக் கொண்டுபோய் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

பிசியோதெரபிப் பெண் பதினான்கு குறிப்புகள் அச்சடித்த தாள் ஒன்று தந்திருந்தாள். கதவுகளில் உருண்டைக் குமிழ் கூடாது, முழங்கையால் அழுத்தித் திறக்கிற நீளப் பிடி வேண்டும். கம்மோடு உயரமாக இருக்க வேண்டும். சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்ய உயரமான ஸ்டூல். குனியாமல் எட்டும் உயரத்தில் பிளக். விரிப்புகளை எடுத்துவிட வேண்டும். படிகளின் இரண்டு பக்கமும் கைப்பிடி. எல்லாம் நியாயமான குறிப்புகள். அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது அவள் கக்கத்திலும் ஒரு தெர்மோஸ் இருந்தது. அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பதின்மூன்று குறிப்புகளை அதேமார் இரண்டு வாரத்தில் முடித்தார். மிச்சமிருந்தது படி. எனக்குப் படியே பிடிக்கவில்லை. சரிவுப் பாதைதான் வேண்டும் என்றேன். ஐம்பத்துமூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு, நோயாளி பத்திரமாக நடக்க, ஆறு மீட்டர் முப்பத்தாறு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். கணக்கை நானே போட்டேன். எங்கள் சமையலறையின் மொத்த நீளம் நாலு மீட்டர். கணக்கைப் போட்டவனே அதைப் பொருட்படுத்தாமல் மூன்று மீட்டரில் ஒரு மரச் சரிவு செய்யச் சொன்னேன்.

"கொஞ்சம் செங்குத்தா இருக்கும்" என்றார் அதேமார்.

"நடந்து பாத்துருவோம்."

"சென்யோரா அறுபத்துநாலு கிலோ. நீங்க தொண்ணூறு. உங்கள வெச்சுப் பாத்தா சரியா வராது."

அதனால் பதின்மூன்று கிலோ கேஸ் சிலிண்டரை வைத்துப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். இதற்கு விஞ்ஞானபூர்வமான காரணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. சிலிண்டரைச் சரிவின் உச்சியில் நிறுத்தினோம். அது நிற்கவில்லை. முதலில் ஒரு கணம் யோசித்த மாதிரி சாய்ந்தது, பிறகு உருண்டு, உயரமான புது ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு, சமையலறையைக் கடந்து, பின்கதவின் கீழ்ப் பலகையை உடைத்து அங்கே ஓய்ந்தது.  அதேமார் தெர்மோஸைத் திறந்து குடுவையில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"சென்யோராவுக்கு இவ்வளவு வேகம் வேணாம்" என்றார்.

சரிவுப் பலகையை வைத்துப் பின்கதவை அடைத்தோம். அதேமார் ஆரம்பத்தில் சொன்ன வழிக்கே வந்தேன்: ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஓர் அரைப்படி. மூன்று படி ஆறு படியாகும், ஒவ்வொன்றும் ஒன்பது சென்டிமீட்டருக்குள் அடங்கும், எல்லாம் ஒரே உயரம். இரு பக்கமும் கம்பி. பிஸ்கட் சுவரில் ஆழமாகத் துளைத்து, பசை மருந்து ஊற்றி, விரல் நீளத் திருகாணிகள் இறக்கினார். கம்பியில் நானே தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

கம்பியின் உயரத்தை மட்டும் நான் யாரையும் நம்பி விடவில்லை. நிபியாவின் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு. அவள் முழங்கை எங்கே வரும், மணிக்கட்டு எங்கே வரும் என்று ஒவ்வொரு படியிலும் நின்று, பிடித்து, விட்டு, அளந்து, குறித்தேன். ஒவ்வொரு முறை பிடிப்பதற்கு முன்னும் என் தெர்மோஸையும் குடுவையையும் தரையில் வைத்தேன். அளந்து முடித்ததும் எடுத்துக்கொண்டேன். இப்படி இருபத்திரண்டு முறை. தாளில் இருபத்திரண்டு அளவுகள் இருக்கின்றன, எல்லாம் சரியான அளவுகள்.

ஜூன் 29 அன்று காலை முற்றத்து வாளியை மறைத்து வைத்தேன். மழை இல்லை. பத்தரை மணிக்குச் சுல்மாவின் கார் வந்தது. அதேமாரையும் ஞோக்கிக்கு அழைத்திருந்தேன்; அவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். சுல்மா தக்காளிக் குழம்பைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். நிபியா வலது கையில் ஊன்றுகோலோடு இறங்கினாள். இடது இடுப்பு முறிந்தவர்கள் வலது கையில்தான் ஊன்ற வேண்டும், தாளில் ஐந்தாவது குறிப்பு.

தெருக் கதவின் நீளப் பிடியை முழங்கையால் அழுத்தித் திறந்தாள். முற்றத்தைக் கடந்தாள். விரிப்பு இல்லாத தரையைப் பார்த்து "அட, இங்க பூப்போட்ட கல்லு இருந்திருக்கே" என்றாள். படிகளுக்கு வந்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்து, ஊன்றுகோலை ஒவ்வொரு அரைப்படியிலும் வைத்து, ஆறு படியும் இறங்கினாள். நான் பின்னால் நின்று மூச்சுவிடாமல் எண்ணினேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சுவிட்சு உள்ள வந்துருச்சு."

"வந்துருச்சு."

"கம்மோடு என்ன, அமைச்சர் உக்கார்ற மாதிரி இருக்கு."

அதேமார் என் தோளில் தட்டினார்.  சுல்மாவுக்கு நாலாவது மாடி கைநழுவிப் போவது தெரிந்துவிட்டது.

பிறகு நிபியா சமையலறையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுப்பில் கெண்டி வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் முன், சத்தம் மாறும் சரியான நேரத்தில், அடுப்பை அணைத்தாள். தெர்மோஸில் ஊற்றினாள். குடுவையில் இலையைப் போட்டுக் குலுக்கி, உறிஞ்சுகுழலை நட்டாள். மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். முற்றத்தில் வெயில் நாற்காலிக்கு வந்துவிட்டது. தெர்மோஸை இடது கக்கத்தில் இடுக்கினாள். இடது கையில் குடுவை. வலது கையில் ஊன்றுகோல். எழுந்து படிக்கு வந்தாள். முதல் அரைப்படியில் ஊன்றுகோலை வைத்து ஏறினாள். இரண்டாவதில் ஏறி நின்றாள்.

நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு பக்கமும் கம்பி பளபளத்தது.

"கிழவா."

"என்ன?"

"எந்தக் கையால பிடிக்கிறது?"

 அதேமார் தன் கக்கத்தைக் குனிந்து பார்த்தார். நானும் என் கக்கத்தைப் பார்த்தேன்.

"தெர்மோஸ என்கிட்ட குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றாள் சுல்மா.

"யார் கையும் இல்லாமன்னுதான பேச்சு."

"அப்போ சமையலறையிலயே உக்காந்து குடி."

சுல்மாவே இதைச் சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனியாக மாத்தே குடிப்பது என்பது எங்களிடையே ஆள் இல்லாத வீட்டுக்கான ஏற்பாடு.

"ரெண்டு நடையா வந்தா?" என்றேன். "மொதல்ல தெர்மோஸ், அப்புறம் குடுவை."

"தெர்மோஸ் இதே கக்கத்துலதான இருக்கும், கிழவா. அந்தக் கையாலதான கம்பியப் பிடிக்கணும். பிடிச்சா கக்கம் தெறந்துரும்."

அவள் சொன்னதைச் செய்து காட்டினாள். குடுவையை மேல்படியில் வைத்துவிட்டு, கையைக் கம்பிக்கு நீட்டியதும் தெர்மோஸ் நழுவியது. கையை உடனே ஒடுக்கி அதைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தோம். அவள் விழவில்லை. சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

அப்போதுதான் கேட்டேன். நாற்பத்தாறு நாட்களுக்கு முன் கேட்டிருக்க வேண்டியது.

"அன்னைக்கு விழுந்தியே, அப்ப கம்பிய பிடிச்சிருந்தியா?"

"எந்தக் கம்பி?"

"தொண்ணூத்தொண்ணுல நான் போட்ட கம்பி."

"அதுவா? அத நான் பிடிச்சதே இல்ல. மழ பெஞ்சா அதுல துணி காயப்போடுவேன்."

இருபத்தெட்டு வருடம். அதேமார் சொன்னது சரி, யாரும் பிடிக்கவில்லை. மூன்றாவது படியின் இரண்டு சென்டிமீட்டரை நான் கண்டுபிடித்தபோது, அதில் தடுக்கியவளுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பிப் பக்கம் ஒரு கை காலியாக இருந்ததா என்று பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இன்னும் இரண்டு கம்பி போட்டேன். கை இல்லாதவளுக்கு நான் கொடுத்தது பிடிக்கும் இடங்கள்.

நான் உடனே ஒரு தீர்வை விவரிக்கத் தொடங்கினேன். கம்பி மேல் சிறு சக்கரங்களில் ஓடும் ஒரு கூடை, ஒரு மோட்டார், மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பொத்தான். கூடையின் அளவைக்கூடச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நிபியா சுவரில் சாய்ந்தபடி, ஊன்றுகோலின் நுனியால் தன் எதிரே அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக், டொக். கொஞ்சம் தள்ளித் தட்டினாள். சத்தம் மாறியது.

"இங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்றாள்.

நான் மோட்டாரை நிறுத்தினேன்.

"இந்தப் பக்கம் நின்னு வெச்சா, அந்தப் பக்கம் முற்றத்துல எடுத்துக்கலாம். இந்த வீட்டக் கட்டினவங்க அதுக்குத்தான் வெச்சிருந்தாங்க. வந்த புதுசுல பத்து வருஷம் நானும் அதுலதான் வெச்சேன்."

அதேமார் வந்து காதைச் சுவரில் வைத்துத் தட்டிப் பார்த்தார். டேப்பை எடுத்தார். என்னிடம் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடிப்பதற்காக என் தெர்மோஸை மேசை மேல் வைத்தேன். இந்த முறை வைப்பதைக் கவனித்தேன். சமையலறைத் தரையிலிருந்து ஜன்னலின் அடிப்பக்கம் நூற்று முப்பது. படியின் உயரம் ஐம்பத்துமூன்றைக் கழித்தால் முற்றத்தில் எழுபத்தேழு. இந்தப் பக்கம் நிபியாவின் தோள் மட்டம். அந்தப் பக்கம் ஒரு மேசையின் உயரம்.

"யாரு தோன் வால்டெமார் இத அடைச்சது?" என்றார் அதேமார்.

நான் கண்ணாடிக் கூரையைப் பார்த்தேன்.

"குளிரு காத்து வந்துச்சாம்" என்றாள் நிபியா.

ஞோக்கி சாப்பிட்டோம். வழக்கப்படி தட்டுக்கு அடியில் ஆளுக்கொரு நாணயம் வைத்தோம்.  மூன்று மணிக்கு நிபியா எழுந்து கோட்டு போட்டாள்.

"முடியல" என்றாள். "பேசினது பேசினதுதான்."

"ஜன்னலத் தொறந்துட்டா?"

"தொற. அப்புறம் சொல்லு." வாசலில் திரும்பி நின்றாள். "அந்த வாளிய எங்க ஒளிச்சு வெச்ச?"

"கட்டிலுக்கடியில."

"எடுத்து வெளிய வையி. ராத்திரி மழைன்னு ரேடியோவுல சொன்னாங்க."

சுல்மாவின் கார் திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து வாளியை எடுத்து வைத்தேன்.

அந்த ஜன்னலை உடைக்க அரைநாள் போதும் என்று அதேமார் கணக்கிட்டிருந்தார். 'நீங்க கட்டினதுதானே, சுலபமா உடையும்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சின்ன உளியைத்தான் கொண்டுவந்திருந்தார். திங்கட்கிழமை மதியம் பெரிய உளி எடுத்துவரப் போனார். செவ்வாய்க்கிழமை மின்சார உடைப்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். வீட்டின் மற்ற சுவரெல்லாம் பிஸ்கட்டாக இருக்க, இந்த நாற்பதுக்கு நாற்பத்தாறு சென்டிமீட்டர் அடைப்பை நான் இரட்டைச் செங்கல் வைத்து, நல்ல சிமெண்ட் குழைத்து, நடுவில் இரும்புக் கம்பி கொடுத்துக் கட்டியிருந்தேன். 1986இல் எனக்கு முப்பத்தெட்டு வயது, அவ்வளவு நம்பிக்கை.

"தோன் வால்டெமார், நான் நெறைய வீடு இடிச்சிருக்கேன்" என்றார் அதேமார், முகமெல்லாம் தூசியாக. "இப்படி ஒரு வேலைய பாத்ததில்ல. யுத்தத்துக்குக் கட்டின மாதிரி இருக்கு."

வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். புதன்கிழமை மாலை கடைசிச் செங்கல் வந்தது. பழைய ஜன்னலின் பளிங்குப் பலகை அடியில் அப்படியே இருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஒரு கறை. அளந்து பார்த்தேன். பத்து சென்டிமீட்டர். எங்கள் தெர்மோஸின் அடிப்பாகமும் பத்து.

அடைப்பை எடுத்த பிறகு குளிர்காற்று வந்தது. 1986இல் நான் சொன்னது பொய்யில்லை. அதேமார் ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு செய்து, விரலால் தள்ளினால் இரு பக்கமும் ஆடும்படி கீல் போட்டார். முற்றத்துப் பக்கம் பலகையின் ஓரத்தில் ஒரு வளையம் வைத்தார், ஊன்றுகோலை மாட்ட. அது அவருடைய சொந்த யோசனை. நான் அதை அளக்கவில்லை.

போனில் நிபியாவிடம் அளவுகளைச் சொன்னேன். "நானே வந்து பாக்கறேன்" என்றாள்.

ஜூலை 18, வியாழக்கிழமை, விடுமுறை நாள். வெயில் இருந்தது. பத்தே முக்காலுக்கு அவள் சமையலறையில் தண்ணீர் சுட வைத்தாள். தெர்மோஸையும் குடுவையையும் ஒவ்வொன்றாகத் தோள் மட்டத்துக்குத் தூக்கி ஜன்னல் பலகையில் வைத்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையில் ஊன்றுகோலோடு ஆறு அரைப்படிகளும் ஏறினாள். முற்றத்துப் பக்கம் வந்து ஊன்றுகோலை வளையத்தில் மாட்டிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு, நான்கு அடி தள்ளியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பதினொன்று ஐந்து. தண்ணீர் சூடாக இருந்தது. முதல் மாத்தேயை அவள் குடித்தாள், இரண்டாவதை எனக்குக் கொடுத்தாள்.

அவளுடைய இரண்டு பெட்டிகளையும் மாலை ஆறு மணிக்குச் சுல்மா கொண்டுவந்து இறக்கினாள். நாலாவது மாடி ஃப்ளாட் ஆகஸ்டில் வேறு ஒருவருக்குப் போனது.